பாலத்துக்குக் கீழே குடியிருப்போர்

கண்ணாடி உடைந்துவிட்டது என்று எனக்குச் சொன்னவர் ஒரு மீன்கார அக்கா. காலை எட்டு மணி இருக்கும். மந்தைவெளியில் எங்கள் குடியிருப்பு வாசலில் ஸ்கூட்டர் சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது.

"மேடம், உன் கண்ணாடி புட்டுக்கிச்சு."

"எந்தக் கண்ணாடிக்கா?"

"மூணாவது உத்தரத்துல ஒட்டிட்டுப் போனியே, அதான். நேத்து சாயந்தரம் ஒயுங்கா இருந்துச்சு. இப்ப பாக்கறேன், நடுவுல ஒரு கோடு. நான் கையி வெக்கல மேடம், இப்பவே சொல்லிட்டேன்."

அவர் மேல் பழி போடுவேனோ என்று அவருக்குப் பயம். எனக்கு வேறு பயம்.

என் வேலை பாலங்களைப் பார்ப்பது. கல்யாண வீடுகளில் யாராவது கேட்டு நான் இப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். பாலத்தில் பார்க்க என்ன இருக்கிறது? கட்டினால் நிற்கும், இல்லையென்றால் விழும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கான்கிரீட் பாலம் நாற்பது ஐம்பது வருடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும். உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்கும். துரு ஊதும். ஊதினால் மேலே இருக்கும் கான்கிரீட் பிளக்கும். கடற்கரை ஊரில் உப்புக் காற்று இதை இன்னும் சீக்கிரம் செய்யும். எங்கே பிளக்கிறது, எவ்வளவு வேகமாகப் பிளக்கிறது என்று வருடக்கணக்கில் அளந்து எழுதிவைக்க ஒருவர் வேண்டும். அரசு அலுவலகங்கள் இதற்குத் தனியார் நிறுவனங்களை அமர்த்துகின்றன. அப்படிப்பட்ட ஒரு சின்ன நிறுவனத்தில், ஆழ்வார்பேட்டையில் ஒரு மருந்துக்கடையின் மாடியில், பதினோரு வருடமாக இருக்கிறேன்.

கண்ணாடி என்றால் பெரிய கருவி எதுவும் இல்லை. விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைப் பசை போட்டு ஒட்டி, பக்கத்தில் தேதியை எழுதிவிட்டு வருவோம். விரிசல் பழையது, அசையாதது என்றால் கண்ணாடி அப்படியே இருக்கும். ஒரு மயிரிழை நகர்ந்தாலும் உடைந்துவிடும். மூன்றாவது உத்தரத்தில் நான் ஒட்டியது பத்தொன்பது நாள்தான் தாக்குப்பிடித்தது.

எந்தப் பாலம் என்று சொல்லப்போவதில்லை. மயிலாப்பூருக்கும் அடையாறுக்கும் நடுவில் கால்வாயைக் கடக்கிற பாலங்களில் ஒன்று. தினமும் அதன்மேல் போகிறவர்களுக்கே அது பாலம் என்று தெரியாது. ரோடு கொஞ்சம் ஏறி இறங்கும். நாற்றம் வந்தால் மூக்கைப் பொத்துவார்கள். அவ்வளவுதான். கீழே, கரையில், பாலத்தின் நிழலிலும் அதை ஒட்டியும் பதினான்கு குடும்பங்கள் இருந்தன.

அக்காவின் வீடு பாலத்தின் மயிலாப்பூர்ப் பக்க முனையில், முதல் வீடு. கடலோரக் குப்பத்தில் பிறந்தவர். கல்யாணமாகி இங்கே வந்தவர். கணவர் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. ஒரே மகள், நடந்துபோகும் தூரத்தில் ஒரு பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு. விடிகாலையில் பட்டினப்பாக்கம் கரைக்குப் போய் மீன் எடுத்துவந்து, உத்தரத்தின் நிழலில் ஒரு பலகையைப் போட்டு உட்காருவார். சங்கரா, நெத்திலி, காரப்பொடி. மேலே வண்டி போய்க்கொண்டே இருக்கும். கீழே அவர் செதில் சீவிக்கொண்டிருப்பார்.

முதல் தடவை நான் ஏணியும் சுத்தியலுமாகப் போனபோது அதட்டினார்.

"இன்னாத்துக்குமா அத்தப் போட்டு அடிக்கிற? அது உன்னை இன்னா பண்ணுச்சு?"

சொன்னேன். நல்ல கான்கிரீட்டைத் தட்டினால் கணீரென்று இருக்கும், உள்ளே விட்டுப்போன இடத்தில் பொத்தென்று கேட்கும், அதை வைத்துத்தான் அடையாளம் போடுகிறோம் என்று.

"தேங்கா வாங்கற மாரியா?"

"ஆமாக்கா. கிட்டத்தட்ட அப்படித்தான்."

அடுத்த முறை நான் போனபோது, கை எட்டும் இடமெல்லாம் கத்திப்பிடியால் தட்டிப் பார்த்து, பொத்தென்று கேட்ட இடங்களில் கரியால் வட்டம் போட்டு வைத்திருந்தார். என் சுத்தியலால் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். ஒன்றுகூடத் தப்பில்லை.

இன்னொரு நாள் அவர் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. அதை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

"மேடம், முன்னல்லாம் வண்டி போனா டக்குனு ஒரு சவுண்டுதான் வரும். இப்ப டக்கு-டக்குனு ரெண்டு வருது. தண்ணி லாரி போனா நல்லாவே கேக்கும்."

"அது ரோட்டுல ஜாயின்ட் சத்தம்கா. எல்லாப் பாலத்துலயும் வர்றதுதான்."

"அய்ய, எனுக்குத் தெரியாதா? இருபத்தாறு வருசமா இதுக்குக் கீயதான் படுத்துகினு கீறேன்."

நான் படித்தவள். சிரித்துவிட்டு வந்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்து ஏணியை உத்தரத்தின் முனைவரை நகர்த்தி, டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. உத்தரம் தூணின்மேல் நேராக உட்காராது. நடுவில் கனமான ரப்பர் பட்டை ஒன்று இருக்கும். பேரிங் என்போம். அந்த ரப்பர் நசுங்கி ஒரு பக்கமாகப் பிதுங்கி வெளியே வந்திருந்தது. பாரம் ஏறினால் உத்தரம் ஒரு ஓரம் தூக்கி, பிறகு உட்காருகிறது. அதுதான் இரண்டாவது சத்தம். இறங்கிவந்து அவரிடம் "நீங்க சொன்னது சரிக்கா" என்று சொல்லியிருக்க வேண்டும். ஃபோட்டோ எடுத்துக்கொண்டு பேசாமல் வந்துவிட்டேன். அடுத்த முறை போனபோதுதான் சொன்னேன். அவர் மீனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நான்தான் அன்னிக்கே சொன்னேனே" என்றார்.

இதற்கு முந்தைய வருடமே பாலத்தில் சென்சார் பொருத்தியிருந்தார்கள். உத்தரங்களின் அடியில் வயர்கள், தூணில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி, பெட்டியில் பச்சை விளக்கு. பாலத்தின் நாடித்துடிப்பை அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே திரையில் பார்க்கலாம் என்று சொன்னார்கள். பெட்டிக்கு மாலை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். படத்தில் நானும் ஓரமாக நிற்கிறேன், புதுச் சுடிதாரில். அன்று எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. இனி யாரும் எங்கள் அறிக்கையை நம்பவில்லை என்று சொல்ல முடியாது, பாலமே பேசும் என்று வீட்டில் என் கணவரிடம் சொன்னேன்.

கண்ணாடி உடைந்த அன்று ஏணி போட்டு ஏறினேன். விரிசல் கால் மில்லிமீட்டரிலிருந்து அரை மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தது. கேட்பவர்களுக்கு இது ஒன்றுமே இல்லை. பத்தொன்பது நாளில் இரண்டு மடங்கு என்பது எனக்குப் பெரிய கணக்கு. ஒரு கையில் கேமரா, ஒரு கையால் ஏணியைப் பிடிக்க வேண்டும். விரிசலுக்குப் பக்கத்தில் ஸ்கேலைப் பிடிக்க ஆள் இல்லை. உதவிக்கு வரவேண்டியவர் அன்று லீவு.

"நான் புடிக்கிறேன், குடு" என்றார் அக்கா. மீன் பெட்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி ஏறி நின்று இரும்பு ஸ்கேலை விரிசலோடு ஒட்டிப் பிடித்தார். அவருடைய மணிக்கட்டின் உள்பக்கம் மகளின் பெயரைப் பச்சை குத்தியிருந்தார். ஃபோட்டோவில் விரிசல், ஸ்கேல், அந்தக் கை எல்லாம் தெளிவாக விழுந்தன. அவரே வாங்கிப் பார்த்தார். "என் கையி சினிமால வர்ற மாரி கீது" என்று சிரித்தார்.

நான்கு நாள் கழித்து ஒரு கான்கிரீட் சில்லு விழுந்தது. உள்ளங்கை அளவுதான் இருக்கும், ஆனால் உயரத்திலிருந்து. அக்கா தண்ணீர் எடுக்க எழுந்துபோன நேரம். அவர் உட்காரும் பலகை இரண்டாகப் பிளந்துவிட்டது. நான் போனபோது அந்தச் சில்லை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்திருந்தார்.

"இத்தக் கொண்டும்போய் உன் ஆபீசருக்குக் காட்டு" என்றார். "படம் காட்டினா நம்ப மாட்டாங்க. இத்தக் காட்டு."

கொண்டுபோனேன். பாலத்துக்குப் பொறுப்பான அரசு அலுவலகம் தேனாம்பேட்டையில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடி. அதிகாரி கெட்டவர் இல்லை. உட்காரச் சொல்வார், காபி வரவழைப்பார், அம்மா என்றுதான் கூப்பிடுவார். பிளாஸ்டிக் பையை மேசைமேல் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. மீன் நாற்றம் அடித்தது.

"பாருங்கம்மா," என்று கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார். "நீங்க பயப்படற மாதிரி ஒண்ணும் இல்ல. சென்சார் எவ்வளவு ஸ்டெடியா இருக்கு பாருங்க. நாலு மாசமா ஒரு அசைவு இல்ல."

திரையில் ஒரு கோடு. ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல நேராக.

"சார், வண்டி போற பாலம் இது. காலைல வெயில் பட்டா விரியும், சாயந்தரம் சுருங்கும். பஸ் ஏறினா ஆடும். கோடு மேலயும் கீழயும் போய்க்கிட்டே இருக்கணும். இப்படி நேரா இருந்தா சென்சார் வேலை செய்யலன்னு அர்த்தம். கடைசியா வந்த நம்பரையே திரும்பத் திரும்பக் காட்டிட்டிருக்கு."

அவர் கோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அப்படியா?" என்றார். பிறகு, "அதை ரிப்போர்ட்ல எழுத வேண்டாம். நான் பேசிக்கறேன்" என்றார்.

பாலத்துக்குத் திரும்பிவந்து, தூணில் இருந்த சென்சார் பெட்டியைத் திறந்து பார்த்தேன். எலி வயரைக் கடித்திருந்தது. பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது, அதற்கு வேறு இணைப்பு.

அறிக்கையை ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக எதையும் எழுதியதில்லை. கனரக வண்டிகளை உடனே நிறுத்த வேண்டும். பேரிங்குகளை மாற்ற வேண்டும். மூன்றாவது உத்தரத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். துருப்பிடித்த கம்பியைச் சுத்தம் செய்து புதிய கான்கிரீட் போட வேண்டும். நிலை: மிக மோசம். கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். "பாலத்துக்குக் கீழே குடியிருப்போர் மீது கான்கிரீட் துண்டுகள் விழும் அபாயம் உள்ளது, பழுதுபார்க்கும்வரை அவர்களின் பாதுகாப்புக்கு வலை அமைக்க வேண்டும்." அந்த வரியை எழுதும்போது பிளந்த பலகைதான் கண்முன் இருந்தது. அக்காவுக்காக எழுதினேன். நல்ல காரியம் செய்கிறோம் என்ற நினைப்பு மனதுக்குள் இருந்தது. அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது.

என் முதலாளி படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"மிக மோசம்னு போட்டா நாளைக்கே பாலத்தை மூடணும். மூடினா டிராஃபிக் எங்க போகும்? அவங்க ஒத்துக்க மாட்டாங்க. ரிப்போர்ட்டைத் திருப்பி அனுப்பிடுவாங்க. அப்ப ஒண்ணுமே நடக்காது. மிதமானதுன்னு போடு. கண்காணிப்பு தொடர வேண்டும்னு போடு. அட்லீஸ்ட் அடுத்த வருஷமும் நாமதான் பாப்போம்."

"சார், கண்ணாடி பத்தொன்பது நாள்ல உடைஞ்சிருக்கு."

"தெரியும்மா. எனக்குத் தெரியாதா?"

அவருக்குத் தெரியும். அதுதான் என்னை இன்றும் எரிக்கிறது. தெரியாத ஒருவர் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர் கையால்தான் நான் இந்த வேலையைக் கற்றேன் என்பதால் வாயை மூடிக்கொண்டேன் என்று முதலில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் முழு உண்மை இல்லை. அன்று எனக்கு வீட்டுக்குப் போக வேண்டும்போல இருந்தது. களைப்பு. கையெழுத்துப் போட்டேன். வண்டிகளை நிறுத்தச் சொன்ன வரி போய்விட்டது. முட்டுக் கொடுக்கச் சொன்ன வரி "பரிசீலிக்கலாம்" என்று ஆயிற்று. வலை அமைக்கச் சொன்ன பாதி வெட்டுப்பட்டது. குடியிருப்போர் மீது துண்டுகள் விழும் அபாயம் உள்ளது என்ற பாதி மட்டும் தப்பித்தது. அதை யாரும் தொடவில்லை. ஏன் என்று நான் அப்போது யோசிக்கவில்லை.

ஆறு வாரம் கழித்து அக்கா எங்கள் அலுவலகப் படியேறி வந்தார். அதற்குமுன் அவர் அங்கே வந்ததில்லை. மருந்துக்கடையில் விசாரித்து வந்திருக்கிறார். வெளிர்நீலப் புடவை, தலை வாரிப் பூ வைத்திருந்தார். ஏதோ ஆபீசுக்குப் போகிறவர்போலக் கிளம்பி வந்திருந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. கையில் மடித்த காகிதங்கள்.

"இத்தப் படிச்சுச் சொல்லு மேடம். என் பொண்ணு படிச்சா. நீயும் படி."

காலி செய்வதற்கான அறிவிப்பு. பாலம் பொறியாளர்களால் ஆய்வு செய்யப்பட்டதாகவும், கீழே குடியிருப்போரின் உயிருக்கு அபாயம் இருப்பதாக அறிக்கை தெரிவிப்பதாகவும், எனவே அவர்களின் பாதுகாப்பைக் கருதிப் பதினைந்து நாளில் அப்புறப்படுத்தி மாற்று இடம் வழங்கப்படும் என்றும் இருந்தது. பின்னால் இணைப்பு: ஒரு ஃபோட்டோ. விரிசல், இரும்பு ஸ்கேல், மணிக்கட்டில் பச்சை குத்திய கை.

"இது என் கையி," என்றார்.

"ஆமாக்கா."

"நீ எய்துனியா இத்த?"

"நான் வலை போடச் சொல்லித்தான் எழுதினேன். பாலத்தைச் சரிபண்ணச் சொல்லித்தான்..."

"நீ எய்துனியா, இல்லியா?"

"எழுதினேன்."

கீழே கடையில் யாரோ இருமல் மருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பாலம் வுயப்போவுதுன்னா பாலத்தத்தானே ரிப்பேர் பண்ணணும்? எங்கள இன்னாத்துக்குத் தூக்கறாங்க? நாங்களா வுட்டோம் அந்த விரிசல? உனுக்கு ஸ்கேலு புடிச்சேன். தண்ணி மோந்து குடுத்தேன். கரியில வட்டம் போட்டு வெச்சேன். என் கையவே எனுக்கு எதிரா சாட்சி வெச்சிட்டியேமா."

"அக்கா, நான் போய்ப் பேசறேன்."

"பேசு, பேசு" என்றார். காகிதங்களை வாங்கி, மடிப்பு கலையாமல் மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டார். படியில் இறங்கும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

போய்ப் பேசினேன். அதிகாரி காபி வரவழைத்தார்.

"நீங்கதானேம்மா அபாயம்னு எழுதினீங்க? நாளைக்கு ஒருத்தர் தலைல விழுந்தா யார் பதில் சொல்றது? நீங்க எழுதிட்ட பிறகு நான் சும்மா இருக்க முடியுமா?"

"அப்ப மத்ததையும் செய்யுங்க சார். பேரிங் மாத்தச் சொல்லியிருக்கேன்."

"அது தனி ஃபைல்" என்றார்.

அப்புறப்படுத்திய காலையில் நான் போயிருக்க வேண்டியதில்லை. போனேன். கீழே போகத் துணிவில்லை. பாலத்தின்மேல், கைப்பிடிச் சுவரோரம், ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு நின்றேன். கட்டில், பீரோ, கேஸ் சிலிண்டர், துணி மூட்டை, இரண்டு சைக்கிள், சாமி படங்கள் எல்லாம் கரையிலிருந்து மேலே வந்துகொண்டிருந்தன. சாமான் ஏற்ற வந்த லாரிகளை நிறுத்த வேறு இடம் இல்லை. ஏழு லாரிகளையும் பாலத்தின்மேலேயே வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். பின்னால் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றன. எந்தப் பாரம் ஏறக் கூடாது என்று நான் முதலில் எழுதினேனோ, அதைவிட அதிகமான பாரம் மூன்று மணி நேரம் மூன்றாவது உத்தரத்தின்மேல் நின்றது. போலீஸ்காரர் ஒருவரிடம் போய், "லாரியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொல்லுங்க சார், பாலம் வீக்கா இருக்கு" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அதனாலதான் மேடம் காலி பண்றோம்" என்றார்.

அக்கா லாரியில் ஏறியதை நான் பார்க்கவில்லை. அவருடைய மகள் பள்ளிச் சீருடையில் சாமான்களின் நடுவே உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். பள்ளிக்குப் போகலாம் என்று கடைசிவரை நினைத்திருக்கிறாள்.

ஒரு மாதத்துக்குள் பாலத்தில் வேலை நடந்தது. எனக்கு நம்பிக்கை வந்தது. போய்ப் பார்த்தேன். விரிசல்களின்மேல் சிமெண்ட் பூசியிருந்தார்கள். அதன்மேல் வெள்ளை அடித்து, அதன்மேல் மயில், தாமரை, பரதநாட்டியம் ஆடும் பெண் என்று வரைந்திருந்தார்கள். நான் போட்டிருந்த அடையாளங்கள், அக்காவின் கரி வட்டங்கள் எல்லாம் உள்ளே போய்விட்டன. கரையில் கம்பி வேலி. பேரிங் அப்படியே பிதுங்கிக்கொண்டிருந்தது. ஒரு தண்ணி லாரி மேலே போயிற்று. டக்கு-டக்கு.

அதிகாரிக்கு போன் செய்தேன். "பேரிங்கை மாத்தவே இல்லையே சார்" என்றேன்.

"இப்ப கீழ ஆளே இல்லியேம்மா," என்றார் அவர், நிதானமாக. "அபாயம் மிதமானதிலிருந்து குறைவுன்னு ஆயிடுச்சு. உங்க ரேட்டிங் முறையிலேயே போட்டுப் பாருங்க."

போட்டுப் பார்த்தேன். அந்தப் படிவத்தில் பாலத்தின் நிலைக்குத் தனி மதிப்பெண், விழுந்தால் ஏற்படும் பாதிப்புக்குத் தனி மதிப்பெண். கீழே ஆள் இல்லையென்றால் இரண்டாவது குறையும். மேலே பஸ்ஸில் போகிறவர்களை அந்தப் படிவம் தனியாகக் கேட்கவே இல்லை. இத்தனை வருடம் நிரப்பிய படிவம். நானும் ஒருமுறைகூட அதைக் கேட்டதில்லை.

மழைக்காலம் முடிந்ததும் அக்காவைப் பார்க்கப் போனேன். நகரம் தெற்கே முடிகிற இடத்தில், வரிசை வரிசையாக ஒரே மாதிரி அடுக்குமாடிகள். எட்டாவது மாடி. லிப்ட் ஓடவில்லை. ஏறிப் போய் மூச்சு வாங்க நின்றபோது கதவைத் திறந்தவர் அவர்தான். மெலிந்திருந்தார். கதவை மூடுவார் என்று நினைத்தேன். "உள்ள வா" என்றார். தண்ணீர் கொடுத்தார்.

மீன் வியாபாரம் இல்லை. கரைக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும், கூடையோடு ஏற்ற மாட்டேன் என்கிறார்கள். பாலவாக்கத்தில் ஒரு வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போகிறார். மகள் மூன்று மாதம் பழைய பள்ளிக்கே போய்வந்தாள். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். பரீட்சைக்கு முன்னால் நின்றுவிட்டாள். இப்போது ஒரு துணிக்கடையில், தி.நகரில், நாள் முழுக்க நிற்கும் வேலை.

"பள்ளிக்கு நான் போய்ப் பேசட்டுமாக்கா?"

"நீ எதுவும் பேசாத" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

என் கண் பழக்கதோஷம். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் மூலையிலிருந்து தரைவரை சாய்வாக ஒரு விரிசல் இறங்கியிருந்தது. ஓரத்தில் ஈரம் கோத்து உப்புப் பூத்திருந்தது. அவர் என் பார்வையைக் கவனித்துவிட்டார். எழுந்துபோய் ஆணியில் தொங்கிய காலண்டரைக் கழற்றி, விரிசல் ஆரம்பிக்கும் இடத்தில் மாட்டினார்.

"இத்த எங்கியும் எய்திடாத" என்றார். "இதுக்கு மேல எங்கள எங்கக் கொண்டும்போய்ப் போடுவாங்களோ."

பஸ் நிறுத்தம்வரை வருவார் என்று எதிர்பார்க்கவில்லை. வரவும் இல்லை.

நான் வேலையை விடவில்லை. விட்டுவிட்டதாகச் சொன்னால் இந்தக் கதை நன்றாக இருக்கும். கடன் இல்லை, கட்டாயமும் இல்லை. வேறு என்ன வேலை தெரியும் எனக்கு? முதலாளியோடு முன்புபோல் பேசுவதில்லை. அவரும் அதைக் கவனிக்காதவர்போல இருக்கிறார். தனியாக ஒரு கடிதம் எழுதி, விட்டுப்போன வரிகளையெல்லாம் சேர்த்து, அதிகாரிக்கு மேலே இருப்பவருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பெற்றுக்கொண்டதாக அட்டை வந்தது. வேறு எதுவும் வரவில்லை. பாலம் நிற்கிறது.

போன மாதம் அடையாறு பக்கம் இன்னொரு பாலம். சின்னது. அடியில் பஞ்சர் ஒட்டுகிறவர் ஒருவர், மனைவி, கைக்குழந்தை. தூணில் சாய்த்துத் தார்ப்பாய் கட்டி, ஒரு இரும்புக் கட்டில் போட்டிருந்தார்கள். கட்டிலுக்கு நேர்மேலே கான்கிரீட் உப்பியிருந்தது. ஏணி போட்டுத் தட்டினேன். பொத்தென்றது. ஃபோட்டோ எடுக்கும்போது கட்டில் படத்தில் வராமல் பார்த்துக்கொண்டேன்.

படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது: கீழே பயன்பாடு. அதில் "இல்லை" என்று எழுதினேன். பதினோரு வருடத்தில் நானாக எழுதிய முதல் பொய். ஆள் இருப்பதை எழுதாமல் விட்டு அந்தத் துண்டு விழுந்தால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. எழுதியிருந்தால் என்ன ஆகும் என்று தெரியும்.

ஏணியை மடக்கிக்கொண்டு அவரிடம் போனேன்.

"நைனா, இந்தக் கட்டிலை அந்தப் பக்கமா நாலடி தள்ளிப் போட்டுக்குங்க."

"இன்னாத்துக்கு மேடம்? இங்கதான் காத்து வருது."

"மழை வந்தா இங்க ஒழுகும்."

அவர் அண்ணாந்து பார்த்தார். பிறகு மனைவியைக் கூப்பிட்டார். இரண்டு பேருமாகக் கட்டிலைத் தூக்கித் தள்ளிப் போட்டார்கள்.